செருப்புக்குக் காவல்

கண்டியைச் சுற்றிக் காட்டுகிறவனுக்கு வரலாறு மட்டும் தெரிந்திருந்தால் பிழைப்பு ஓடாது. புடவைக்கடை வேலையை விட்டு வான் வாங்கிய முதல் மாதத்திலேயே சந்திரகுமார் இதைத் தெரிந்துகொண்டான். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையில் அரசர்களின் பெயர்களை அடுக்கினால் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். நாத தேவாலயத்துக்கு வரும்போது பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது இடத்தில் யாராவது ஒருவர் சாப்பாடு எங்கே என்று கேட்டே தீருவார். அந்த நேரத்துக்குத்தான் பகிடி வேண்டும். அதனால் இடத்துக்கு ஒன்றாக வைத்திருந்தான். வாவியைச் சுற்றி அலை அலையாக ஓடும் மதில் பாதியில் நின்றுபோன இடத்தைக் காட்டி, "இத பாதியில விட்டுட்டு ஓடின மேசன் பாஸ்தான் என் வீட்டையும் கட்டினான்" என்பான். கொத்து வேலைக்கு ஆள் பிடித்து அனுபவப்பட்ட எவரும் இதற்குச் சிரிக்காமல் இருந்ததில்லை.

எல்லாவற்றிலும் நன்றாக எடுபட்டது பத்தினி தேவாலயத்துப் பகிடிதான். மாளிகைக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்னக் கோயிலைச் சிங்களவர்கள் பத்தினி தெய்வம் என்பார்கள், நம் ஆட்களுக்குக் கண்ணகி அம்மன். வாசலில் கூட்டத்தை நிறுத்திக் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

"பொம்பளைங்க கொஞ்சம் யோசிச்சி உள்ள போங்க. உண்மையான பத்தினியா இல்லாதவங்க உள்ள போய்க் கும்பிட்டுட்டு வந்தா, பொழுது சாயிறதுக்குள்ள தலவலி வரும்னு சொல்லுவாங்க."

இந்தச் 'சொல்லுவாங்க' இருக்கிறதே, இந்தத் தொழிலில் அதைப்போல வசதி வேறில்லை. யார் சொல்லுவாங்க என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. உண்மையில் ஊரில் எவரும் அப்படிச் சொன்னதில்லை. அங்கே பூசை செய்யும் கப்புறாளைக்கே அப்படி ஒன்று தெரியாது. கட்டிவிட்டது சந்திரகுமார், அதுவும் சொந்தப் பெண்சாதியை வைத்து. ஒருமுறை அண்ணன் குடும்பத்தோடு போயிருந்தபோது கலாராணி தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "பத்தினி கோயிலுக்குப் போய்ட்டு வந்து தலவலியா? விசாரிக்கணுமே" என்றான். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கலாராணியும் சிரித்ததாகத்தான் அவனுக்கு ஞாபகம். இவ்வளவு சிரிப்பு வருகிற ஒரு சரக்கை வீணாக்குவானேன் என்று மறுவாரமே அதைத் தொழிலுக்கு எடுத்துக்கொண்டான்.

பகிடியைக் கேட்டதும் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். புருஷன்மார் 'இப்ப வலிக்குதா, இப்ப வலிக்குதா' என்று பகல் முழுக்கக் கேட்டுத் தொல்லை கொடுப்பார்கள். எல்லாக் கூட்டத்திலும் ஒன்றிரண்டு பேர், "நீங்க போய்ட்டு வாங்க, நான் செருப்ப பாத்துக்கிறேன்" என்று வெளியில் நின்றுவிடுவதுண்டு. களைப்பாக இருக்கும், கால் வலியாக இருக்கும். அதையெல்லாம் அவன் கணக்கில் எடுத்ததில்லை.

அந்தப் பங்குனி மாதம் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். தாய் பாலாம்பிகை, மகன் தினுஷன், அவனுடைய புதுப் பெண்சாதி சஞ்சீவனி. தினுஷன் கனடாவிலிருந்து கல்யாணத்துக்காக வந்தவன். அடுத்த கிழமை திரும்பிப் போகவேண்டும். போனதும் ஸ்பொன்சர் பேப்பர் போட்டால்தான் பெண்ணைக் கூப்பிட முடியும். இதையெல்லாம் பாலாம்பிகை அம்மா வானில் ஏறி வாவியைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டார். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, சந்திரகுமாரை வீட்டு ஆள் மாதிரி நினைத்துக் கதைத்தார்.

"மகனுக்கு மூண்டு வயசில தகப்பன் செத்துப்போனார், தம்பி. ஊர் வாயில விழாமல் ஒரு பிள்ளையை வளத்தெடுக்கிறதெண்டா சும்மா அலுவலில்லை. வத்தாப்பளை அம்மாளாச்சிதான் எனக்குத் துணை. வைகாசிப் பொங்கலுக்கு ஒரு வருசமும் போகாமல் விட்டதில்லை."

வத்தாப்பளை அம்மாளாச்சி என்றால் கண்ணகி. அந்த இடத்தில் அவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவன் வாய்க்குப் பழக்கம் அப்படி.

மாளிகையில் தினுஷன் வெளிநாட்டுக்காரர் வரிசைக்குப் போக வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் நிற்பதைப் பார்த்துச் சஞ்சீவனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் அங்கிருந்தபடியே கையைக் காட்டினான். கல்யாணமாகி இரண்டு கிழமைதான், ஒருவரையொருவர் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் வெட்கம் இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பத்தினி தேவாலயத்து வாசலில் சந்திரகுமார் குரலைத் தாழ்த்தினான். வழக்கமான இடத்தில் நிறுத்தி, வழக்கமான இடத்தில் கண்ணைச் சிமிட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னான். தினுஷன் சிரித்தான். "என்ன, போவமோ?" என்று சஞ்சீவனியைப் பார்த்துக் கேட்டுவிட்டு முதல் ஆளாக உள்ளே போய்விட்டான். அவள் பூத்தட்டோடு பின்னால் நடந்தாள். பாலாம்பிகை அம்மா சிரிக்கவில்லை. கையெடுத்து வாசலைக் கும்பிட்டார்.

"நீங்கள் போங்கோ. நான் செருப்பைப் பாத்துக்கொள்ளுறன்."

பகல் பிலிமத்தலாவையில் ஒரு சைவக் கடையில் சாப்பிட்டார்கள். சஞ்சீவனி சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டுப் பாதியில் எழும்பினாள். அதற்குப் பிறகு கடலாதெனியாவுக்கு ஏறும் பாதை. ஒடுக்கமான வளைவுகள், எதிரே பஸ் வந்தால் பின்னுக்கு எடுக்க வேண்டும். அப்படிப் பின்னுக்கு எடுத்த ஒரு தடவைதான் கண்ணாடியில் அவளைக் கண்டான். இரண்டு விரலால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் மாமியார் லேசாகத் தலையைத் திருப்பியதும் விரல்கள் இறங்கி மடியில் போய்விட்டன. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மாமியார் திரும்பிக்கொண்டதும் சிரிப்பு போய், விரல்கள் மறுபடி நெற்றிக்கு வந்தன.

சந்திரகுமார் முதலில், வளைவு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். பிறகுதான், அவள் ஏன் மறைக்கிறாள் என்பது உறைத்தது.

கடலாதெனியாவில் அந்தக் கற்கோயில் ஒரு பெரிய பாறையின் மேல் இருக்கிறது. வெறுங்காலோடு நடந்தால் பாறை சுடும். தாயும் மகனும் கோயிலைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். சஞ்சீவனி ஒரு நிழலைத் தேடி உட்கார்ந்துவிட்டாள். தென்னிந்தியச் சிற்பி கட்டிய கோயில் என்று சொல்லவேண்டிய வசனம் வாயில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு அவள் பக்கம் போனான்.

"தல வலிக்குதாம்மா?"

அவள் பதறிப்போய்க் கோயில் பக்கம் பார்த்தாள். "சத்தமாக் கேக்காதேங்கோ அண்ணா."

"நான் காலையில சொன்னது சும்மாம்மா. எல்லாருக்கும் சொல்ற ஜோக்கு."

"எனக்குத் தெரியும். மாமிக்கும் அவருக்கும் தெரியாதே." மறுபடி ஒருமுறை கோயில் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள், "கலியாணத்துக்கு முதல் ஆரோ மாமிக்குப் போன் எடுத்து, நான் கம்பஸில ஒரு பெடியனோட திரிஞ்சனான் எண்டு சொன்னது. அப்பிடி ஒண்டுமில்லை. மாமியும் நம்பேல்லை. நம்பாமத்தான் இந்தக் கலியாணத்தைச் செய்து வச்சவா. இப்ப நான் தலையிடி எண்டு சொன்னா..."

  அவன் செய்திருக்க வேண்டியது, பேசாமல் ஒரு பனடோல் மாத்திரையும் தண்ணீரும் கொடுப்பதுதான். குற்ற உணர்ச்சி வந்தால் மனிதனுக்கு மூளை வேலை செய்யாது போலிருக்கிறது. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் தைலப் போத்தலை எடுத்து நீட்டினான். அவளும் வலி தாங்காமல் வாங்கித் தடவிக்கொண்டு, போத்தலைக் கைப்பையில் மறைத்தாள்.

வான் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டதும் தைல வாசனை வண்டியை நிறைத்தது. சந்திரகுமார் சட்டென்று கண்ணாடியை இறக்கினான். அது இன்னும் மோசம், எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆருக்குத் தலையிடி?" என்று பாலாம்பிகை அம்மா கேட்டார்.

சஞ்சீவனி கைப்பையைக் காலடியில் தள்ளினாள்.

"எனக்குத்தாம்மா" என்றான் சந்திரகுமார்.

அந்த அம்மா அவன் நெற்றியைப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. பின்னால் திரும்பி மருமகளைப் பார்த்தார். அங்கே தைலம் மினுங்கியது. முன்னால் திரும்பிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்துப் போன எம்பெக்கைக் கோயிலில் மரத்தூண்களைப் பார்க்க யாருக்கும் மனசில்லை. தினுஷன் ஒரு தூணில் செதுக்கியிருந்த அன்னத்தைப் போனில் படம் எடுத்தான். பெண்சாதியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லவில்லை. காலையில் எடுத்த எல்லாப் படத்திலும் அவள் இருந்தாள். சந்திரகுமார் அந்தத் தூண்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் பாலாம்பிகை அம்மாவிடம் நேராகப் போனான்.

"அம்மா, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். காலையில பத்தினி கோயில்ல சொன்னது பூரா பொய். நானே கட்டிவிட்ட கத. அப்படி ஒன்னும் யாரும் சொல்றதில்ல."

"நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள், சொல்லுவினம் எண்டு."

"அது பேச்சுக்குச் சொல்றதும்மா. பகிடி."

"பகிடியெண்டா அவள் ஏன் ஒளிச்சவள்?"

 பகிடிதான் ஒளிக்க வைத்தது என்று சொன்னால் அந்த அம்மாவுக்குப் புரியுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவர் கோபமாகவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மெல்லிய குரலில், யாருக்காகவோ வருத்தப்படுகிற மாதிரிச் சொன்னார்.

"உங்களுக்கு நல்ல மனசு, தம்பி. ஒரு பிள்ளையைக் காப்பாத்தப் பாக்கிறியள். நானும் அந்தப் போன்காரன் சொன்னதை நம்பாமல்தான் இந்தச் சம்பந்தத்தைச் செய்தனான். அம்மாளாச்சி வாசலில வந்து இப்பிடி நடந்தா நான் என்ன செய்யிறது?"

ஹோட்டல் வாசலில் இறங்கும்போது தினுஷன் தாயிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. "பேப்பர் அலுவல் இப்ப அவசரமில்லை அம்மா. போய் ஆறுதலாப் பாப்பம்." சஞ்சீவனி இரண்டு அடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதிலும் அது விழுந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கலாராணி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவன் கதிரையை அடுப்படிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். தைலப் போத்தலைக்கூட விடவில்லை. அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள். முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி அவனுக்கு விளங்கவில்லை.

"அந்தம்மா உள்ள போனாங்களா?"

"எங்க?"

"பத்தினி கோயிலுக்குள்ள."

யோசித்துப் பார்த்தான். "இல்ல. செருப்ப பாத்துக்கிட்டு நின்னாங்க."

கலாராணி ம் என்றாள்.  பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இன்னுமா அத சொல்லிக்கிட்டு திரியிறீங்க? விட்டுட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தன வண்டி ஆளுங்க சிரிச்சிருப்பாங்க, என் தலவலிக்கி."

"ஒன் பேர நான் சொன்னதே இல்ல கலா."

"பேரு சொல்லலன்னா?"

இதற்குமேல் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் திட்டவில்லை. ரொட்டியைத் தட்டில் வைத்து அவன் முன்னால் வைத்தாள். அவனுக்கு இறங்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை விமானத்தில் ஏறாமலே போய்விடும், அதுவும் அவன் வாயால். காலையில் வெளிநாட்டு வரிசையைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததே கண்ணுக்குள் நின்றது. நாளைக்கு வந்து அந்த அம்மாவிடம் நீ ஒரு வார்த்தை சொல்லேன் என்று கலாராணியிடம் கேட்டான். கேட்கும்போதே, எதைக் கேட்கிறோம் என்பது தெரிந்து கூசியது. முன்பின் தெரியாத ஒருத்தரிடம் போய், எனக்குத்தான் தலைவலி வந்தது என்று அவள் சொல்லவேண்டும். கலாராணி அடுப்பைத் தணித்துவிட்டுப் படுக்கப் போனாள். காலையில் எழும்பிப் பார்த்தபோது குளித்துச் சேலை உடுத்தித் தயாராக நின்றாள்.

ஹோட்டலின் முன் மண்டபத்தில் மூவரும் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். யாழ்ப்பாண பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. தினுஷன் ஒரு மூலையில் போனோடு. சஞ்சீவனி மாமியாருக்கு எதிரே, கண்ணாடி யன்னல் வழியாக வாவியைப் பார்த்துக்கொண்டு. கண்கள் வீங்கியிருந்தன. கலாராணி நேராகப் போய்ப் பாலாம்பிகை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் இவரு சம்சாரம். நேத்து இவரு சொன்னாரே தலவலி, அது என் தலவலி."

அந்த அம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"ரொம்ப நாளைக்கி முன்னால, வெள்ளிக்கெழம வெரதம். காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. வெயில்ல நின்னு கும்பிட்டுட்டு வந்தேன், தல வலிச்சிச்சி. இவரு எல்லாருக்கும் முன்னால கேலி பண்ணுனாரு. அதுதான் கத. அதுக்கு மேல ஒன்னுமில்ல. அந்தப் புள்ளைக்கி வலிச்சதும் வெயில்லயும் வளைவுலயும்தான்."

"நீங்கள் நல்ல பிள்ளை" என்றார் பாலாம்பிகை அம்மா. "மனுசன் சொல்லித் தந்ததைச் சொல்லுறியள். எனக்கு ஒருத்தரிலயும் கோபமில்லை. அம்மாளாச்சியின்ர அலுவல், நாங்கள் கதைச்சுத் தீர்க்கேலாது."

கலாராணி தலையாட்டினாள். ஒத்துக்கொள்கிற மாதிரித்தான் இருந்தது. பிறகு, குரலைக்கூட உயர்த்தாமல் கேட்டாள்.

"சரிங்கம்மா. அப்ப ஒன்னு செய்வோமா? கோயிலு இந்தா, நடக்கிற தூரம். பஸ்ஸுக்கும் நேரமிருக்கு. நீங்களும் நானும் உள்ள போய்க் கும்பிட்டுட்டு வருவோம். ஒங்க மருமக செருப்ப பாத்துக்கட்டும். சாயங்காலம் யாருக்குத் தல வலிக்கிதுன்னு போன்ல பேசிக்குவோம்."

பாலாம்பிகை அம்மாவின் கை சேலைத் தலைப்பைப் பிடித்தது. விரலில் சுற்றியது, அவிழ்த்தது.

"எனக்குக் கால் ஏலாது, பிள்ளை. நேற்றும் அதாலதான்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

மூலையில் இருந்த தினுஷன் தலையை நிமிர்த்தினான். "நேற்று நீங்கள் உள்ளுக்கு வரேல்லையோ அம்மா?"

அப்போதுதான் சந்திரகுமாருக்கு எல்லாம் விளங்கியது. இரவு கலாராணி கேட்ட கேள்வி விளங்கியது. அந்த அம்மா செருப்புக்காக நிற்கவில்லை. ஊர் வாயில் விழாமல் ஒரு பிள்ளையை வளர்த்தெடுத்த மனுஷி, கேட்காத பேச்சா இருந்திருக்கும். அவன் சொன்னதை நம்பியதால் வாசலோடு நின்றுவிட்டார். ஒருவேளை ஒரு தலையிடி வந்துவிட்டால், மகன் முன்னால்... அவன் இத்தனை வருஷம் அந்த வாசலில் கண்ட பெண்கள் வரிசையாக ஞாபகம் வந்தார்கள். 'நீங்க போய்ட்டு வாங்க' என்று சிரித்துக்கொண்டே சொன்ன அத்தனை பேரும், எல்லோருடைய செருப்புகளுக்கும் நடுவில் வெயிலில் நின்றவர்கள். அவர்களைக் கால்வலிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு அவன் முன்னால் நடந்துபோயிருக்கிறான். அவனுக்கு எங்காவது போய் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

தினுஷன் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"வந்தவா" என்றாள் சஞ்சீவனி.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமி உள்ளுக்கு வந்தவா. எனக்குப் பின்னால நிண்டவா. நீங்கள் முன்னுக்கு நிண்டபடியாக் காணேல்லை."

அது பொய் என்று அங்கே தினுஷனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தினுஷனுக்கும் தெரிந்ததோ என்னவோ. அவன் "ஓ" என்றான், மறுபடி போனைப் பார்த்தான், போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தான்.

பாலாம்பிகை அம்மா மருமகளை நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. துடைக்கவில்லை.

"பிள்ளை, உமக்குத் தலையிடி விட்டிட்டுதோ?"

"ஓம் மாமி."

"எனக்கு விடேல்லை" என்றார். "நேற்றுப் பின்னேரம் தொடக்கம் எனக்கும் இடிதான். சொல்லேல்லை."

அது மெய்யோ பொய்யோ, சந்திரகுமாரால் சொல்லமுடியாது. அந்த அம்மா எழுந்து மருமகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார்.

"இந்த ஊர் வெயிலும் இந்த வளைவும் ஆருக்குத்தான் இடிக்காது? தினு, நீ போனோடன பிள்ளையின்ர பேப்பரைப் போடு. ஆறுதலா எண்டு சொல்லிக்கொண்டிராதை."

"ஓம் அம்மா" என்றான் தினுஷன். பிறகு பெண்சாதியைப் பார்த்தான். பார்க்க வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. நேற்றைய வெட்கம் வேறு, இது வேறு.

பஸ் நிலையத்தில் பைகளை ஏற்றி முடித்தபிறகு சஞ்சீவனி கைப்பையைத் திறந்து தைலப் போத்தலை எடுத்துச் சந்திரகுமாரிடம் கொடுத்தாள். "உங்கட, அண்ணா." அவன் என்னென்னவோ சொல்ல நினைத்தான். மன்னிச்சிருங்கம்மா என்பதுதான் வாயில் வந்தது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கலாராணியின் கையை இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு பஸ்ஸில் ஏறினாள். உள்ளே போய் மாமியாரின் பக்கத்தில் உட்கார்வது யன்னல் வழியாகத் தெரிந்தது. தினுஷன் பின் சீட்டில் தனியாக இருந்தான்.

சந்திரகுமாருக்கு மனசு கொஞ்சம் இலேசானது. அந்தப் பெண் தப்பிவிட்டாள். தப்பவைத்தது அவன் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் மூச்சு விட முடிந்தது. வானை ஒரு நிழலில் நிறுத்திவிட்டுக் கலாராணியோடு மாளிகைப் பக்கம் நடந்தான். தாமரை விற்கிறவளிடம் ஒரு பூத்தட்டு வாங்கினான். அந்தப் பகிடியை இனி வாய் திறந்து சொல்லமாட்டேன் என்று அம்மன் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தான். கலாராணியும் பக்கத்தில் நின்றால் நன்றாயிருக்கும்.

தேவாலயத்து வாசலில் செருப்பைக் கழற்றினான். அவள் கழற்றவில்லை.

"வா, கும்பிட்டுட்டு வருவோம்."

"நீங்க போங்க" என்றாள் கலாராணி. "நான் செருப்ப பாத்துக்கிறேன்."

அவன் அப்படியே நின்றுவிட்டான். கடைசியாக அவள் உள்ளே வந்தது எப்போது என்று யோசித்தான். சொந்தக்காரர்கள் வந்தபோதெல்லாம் அவள் வெளியிலேயே நின்றாள். தங்கச்சி கல்யாணத்துக்கு நேர்ந்துகொண்டு வந்தபோதும் வெளியில்தான் நின்றாள். அவனோடு ஒருமுறைகூட உள்ளே வரவில்லை. அந்த ஒரு தடவைக்குப் பிறகு.

"கலா, அது நான் கட்டிவிட்ட கததானே. ஒனக்கே தெரியும். சாமி ஒன்னும் பண்ணாது."

"சாமிக்கு எனக்கு என்னா பயம்?" என்றாள். "உள்ள போய்ட்டு வந்து தல வலிச்சா, ஒங்க மூஞ்சிய பாக்கணுமே."

அப்புறம் ஏன் அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டாய் என்று கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை. அவர் சரி என்று எழுந்திருந்தால் கலாராணியும் எழுந்து போயிருப்பாள். போய்விட்டுச் சாயங்காலம் வரை என்ன பாடு பட்டிருப்பாள் என்பது இப்போது அவனுக்குத் தெரிந்தது.

தட்டோடு தனியாக உள்ளே போனான். என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துவிட்டது. கப்புறாளை தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோய் ஏதோ சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவன் வெறுமனே நின்றுவிட்டு வெளியே வந்தான்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. இரவு தூங்கவில்லை, ரொட்டியும் சாப்பிடவில்லை, காலையில் தேத்தண்ணியும் குடிக்கவில்லை. படியில் கால் வைத்ததும் இரண்டு நெற்றிப்பொட்டிலும் விண்ணென்று தெறித்தது. கை தானாக மேலே எழுந்தது. அப்போது கலாராணி அவனையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். அவனுடைய செருப்பை எடுத்துத் தன் செருப்புக்குப் பக்கத்தில் சோடியாக வைத்துவிட்டு வெயிலில் நின்றாள். அவன் கையை இறக்கினான். பையில் தைலப் போத்தல் இருந்தது, அதையும் தொடவில்லை.

"என்னா, தல வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லையே" என்றான் சந்திரகுமார்.